எலியின் மேல் கத்தி படாவிட்டாலும் அனுமதி வேண்டும்

கேள்வி: நான் முதுகலை உளவியல் இறுதியாண்டு மாணவி. மன அழுத்தம் நினைவாற்றலைக் குறைக்கிறதா என்று அறிவதற்காக 12 வெள்ளை எலிகளை ஒரு முகவர் மூலம் வாங்கித் துறையின் சாமான் அறையில் வைத்திருக்கிறேன். ஆறு எலிகளைத் தினமும் இரண்டு மணி நேரம் குறுகிய குழாயில் அடைத்து வைத்து, பிறகு எல்லா எலிகளையும் நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு, மறைந்திருக்கும் மேடையை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்பது திட்டம். அறுவை சிகிச்சை இல்லை, ஊசியும் இல்லை. இதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா? வேண்டுமென்றால் வேறொரு கல்லூரியின் கடிதத்தை வாங்கித் தருவதாக முகவரே சொல்கிறார்.

பதில்: அனுமதி கட்டாயம் வேண்டும். முகவர் தருவதாகச் சொல்லும் கடிதத்தைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

கத்தியும் ஊசியும் இல்லாவிட்டால் அது விலங்குச் சோதனையே அல்ல என்ற எண்ணம் உளவியல் துறைகளில் பரவலாக இருக்கிறது. விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் 1998ஆம் ஆண்டு விதிகளில், திருத்தங்களுக்குப் பிறகு, சோதனை என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் உயிரியல் அறிவு மட்டுமன்றி உளவியல் அறிவையும் விலங்குகளின் நடத்தை பற்றிய அறிவையும் தேடும் திட்டங்கள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. மேலும், ஒரு பிராணியை அசைய முடியாமல் இரண்டு மணி நேரம் அடைத்து வைப்பதும், நீந்துவதைத் தவிர வேறு வழியில்லாத நீரில் விடுவதும் துன்பம் தருபவை; துன்பம் தருவதற்காகத்தானே குழாயை உங்கள் திட்டத்தில் வைத்திருக்கிறீர்கள்?

முறையான வழி இதுதான். விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும், முன்பு சிபிசிஎஸ்இஏ என்றும் இப்போது சிசிஎஸ்இஏ என்றும் அழைக்கப்படும் மத்தியக் குழுவிடம் பதிவு பெற்ற விலங்குக் கூடத்தில்தான் சோதனை நடக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, மத்தியக் குழுவின் பிரதிநிதியும் கால்நடை மருத்துவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், முதல் எலியைத் தொடுவதற்கு முன்பே உங்கள் திட்டத்தை ஏற்க வேண்டும். உங்கள் துறையில் அத்தகைய கூடம் இல்லையென்றால், அருகிலுள்ள மருந்தியல் கல்லூரியிலோ மருத்துவக் கல்லூரியிலோ உள்ள ஆசிரியர் ஒருவரைக் கூட்டு ஆய்வாளராகச் சேர்த்து அங்கே விண்ணப்பிக்கலாம்.

முகவர்களைப் பற்றி நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். வேறொரு திட்டத்துக்குக் கிடைத்த அனுமதி எண்ணைத் தலைப்பு மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். பின்தேதியிட்டு வாங்கித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். எலியே இல்லாமல் எண்களை மட்டும் அட்டவணையாக்கித் தருபவர்களும் உண்டு. நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவின் முன், சோதனையை முடித்துவிட்டு அனுமதி கேட்டு இரண்டு மாணவர்கள் வந்து நின்றார்கள். முடிந்துபோன வேலைக்கு அனுமதி தர எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. அவர்களுக்கு ஓராண்டு போயிற்று. அவர்களிடம் பணம் வாங்கிய முகவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. சந்தையில் வாங்கிய எலியின் வயது, இனம், நோய் எதுவும் உங்களுக்குத் தெரியாது. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஆய்வுக்கூடங்களுக்கென வளர்க்கப்படும் விஸ்டார் இனம் ஆகிவிடாது. அந்த எலி நீரில் தடுமாறினால், அது மன அழுத்தத்தாலா நுரையீரல் தொற்றாலா என்று எப்படிச் சொல்வீர்கள்?

இதைவிடப் பெரிய கேள்வி, இந்தச் சோதனை தேவைதானா என்பது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, தினமும் இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள் எலிகளை அசையவிடாமல் வைத்து, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதையும், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியில் அவை பெருகுவதையும் 2002இலேயே காட்டிவிட்டது. எலிகள் அங்கே பட்ட துன்பத்துக்கு ஈடாக மனிதருக்குப் பயன்படும் அறிவு கிடைத்தது. அதை நான் மதிக்கிறேன். உங்கள் சாமான் அறையில் ஆறுக்கு ஆறு என்று திரும்பச் செய்வதால் புதிதாக எதுவும் கிடைக்காது. சோதனையைத் தவிர்க்க முடிந்த இடங்களில் தவிர்க்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. தேர்வுக் காலத்து மாணவர்களிடம், அவர்கள் ஒப்புதலோடும் மனித ஆய்வுக்கான குழுவின் அனுமதியோடும், இதே கேள்வியை நீங்கள் கேட்கலாமே?

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பலரும் தவறாகப் பயன்படுத்துவதால் விரிவாகச் சொல்கிறேன். கோயில் மண்டபத்துக் குரங்குகளையோ தெருநாய்களையோ பிடிக்காமல், அடைக்காமல், தொலைவில் நின்று பார்த்துக் குறிப்பெடுப்பது விலங்கைச் சோதனைக்குப் பயன்படுத்துவது ஆகாது. எந்தக் குட்டி எந்தத் தாயோடு எத்தனை நிமிடம் இருந்தது என்று எழுதுவதும் அப்படியே. ஆனால், எந்தக் குரங்கு முதலில் வருகிறது என்று பார்ப்பதற்காக நீங்களே வாழைப்பழத்தை வைத்தால், பார்வையாளராக இருந்தவர் அந்த நொடியே சோதனையாளர் ஆகிவிடுகிறீர்கள். பதிவு செய்த குரைப்பொலியை நாய்களுக்குப் போட்டுக் காட்டினாலும் அதேதான். பக்தர்கள் வழக்கமாகப் பழம் வைக்கும்போது ஓரமாக நின்று பார்த்தால் அது பார்வை. அந்தப் பழத்தைப் பெட்டிக்குள் வைக்கும்படி பக்தரிடம் நீங்கள் சொல்லிக்கொடுத்தால் அது சோதனை. காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். வெறும் பார்வைதான் என்றாலும், ஆய்வுத் திட்டத்தை ஒரு குழுவிடம் காட்டி, அனுமதி தேவையில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலங்குகளை வைத்துச் சோதனை செய்த ஸ்கின்னரையும் பாவ்லோவையும் பருவந்தோறும் பாடம் நடத்துகிறோம். இந்த விதிகளுக்கு ஒரு வகுப்பு ஒதுக்குவதில்லை. ஒரு பருவத்துக்குள் ஆய்வேட்டை முடிக்கச் சொல்கிறோம்; குழுவோ மாதந்தோறும் கூடுவதில்லை. மத்தியக் குழுவின் உத்தரவை மீறினால் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு முகவர்கள் பயப்படுவார்கள் என்று யார் எதிர்பார்ப்பது?

இன்றே உங்கள் வழிகாட்டிக்கு நடந்ததை எழுதிக் கொடுத்து, சோதனையைத் தொடங்கவில்லை என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். எலிகளை வயலில் விட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளை எலிக்குப் பூனையிடமிருந்தும் ஆந்தையிடமிருந்தும் தப்பத் தெரியாது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும்படி செய்யுங்கள். அதுவரை காற்றோட்டமான இடமும் சுத்தமான தண்ணீரும் கொடுங்கள். ஆணையும் பெண்ணையும் இன்று மாலைக்குள் பிரித்து வையுங்கள். எலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான்.