வேலையை விடாமல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக முடியுமா? இல்லை, இந்த ஆசையை விட்டுவிடுவதுதான் நல்லதா?

முடியும். ஆசையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வியைக் கேட்டிருக்கும் விதத்திலேயே தெரிகிறது, வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "பேயையும் ராக்கெட்டையும் எழுதி என்னத்தைக் கண்டாய்" என்கிற மாதிரி. எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆக்டேவியா பட்லர் என்று ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1947இல் கலிபோர்னியாவில் பாசடேனா என்ற ஊரில் பிறந்தவர், கறுப்பினப் பெண். ஷூ பாலிஷ் போடும் வேலை பார்த்த அப்பா, இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா அடுத்தவர் வீடுகளில் வேலை செய்து வளர்த்தார். எழுத்துகள் தடுமாறும் டிஸ்லெக்சியா, வயதுக்கு மீறிய உயரம், யாரோடும் பேச முடியாத கூச்சம் எல்லாம் இருந்தது. பத்து வயதில் டைப்ரைட்டர் வேண்டும் என்று கேட்டார். இத்தனை சின்னப் பிள்ளைக்கு எதற்கு, மூலையில் கிடந்து தூசி படியப்போகிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையும் மீறி அந்த அம்மா வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில், செவ்வாயிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கும் மட்டமான படம் ஒன்றை டிவியில் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று ஆரம்பித்தார். கறுப்பர்கள் எழுத்தாளர் ஆக முடியாதம்மா என்று உறவிலேயே மூத்த பெண் ஒருவர் அன்பாக எடுத்துச் சொன்னார். அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வயதுவரை பட்லரும் ஒரு கறுப்பின எழுத்தாளரின் அச்சடித்த வரியைப் படித்ததில்லை.

1970இல் கிளாரியன் என்ற எழுத்துப் பட்டறைக்குப் போனார், இரண்டு கதைகள் விலைபோயின. அப்புறம் ஐந்து வருடம் ஒரு வரிகூட விற்கவில்லை. அந்த இரண்டில் ஒரு கதை அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவே இல்லை. அந்தக் காலத்தில் பாத்திரம் கழுவினார், போனில் சரக்கு விற்றார், உருளைக்கிழங்கு சிப்ஸ் தொழிற்சாலையில் சிப்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையும் செய்தார். விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவார்.

அந்த சிப்ஸ் வேலையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், அளவு எல்லாம் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் ஆல்டருக்கு, அதாவது சரிசெய்யப் போவதை ஒரு பக்கமும் பிரிக்கிற வேலை. பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்பதால் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு உதவியாக ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மெயில் போட வேண்டும், சம்பளமும் கூடுதல். யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் பெரிய சண்டை. அண்ணன், "படிக்க வெச்சதே தப்பு" என்று கத்தினான். அம்மா சாப்பாடு போட்டாள், பேசவில்லை. என் சித்தி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "கதை எழுதறதெல்லாம் வசதி இருக்கறவங்க பண்றது கண்ணு, நமக்கு எதுக்கு" என்றாள். அதுவும் அன்பாகத்தான்.

காரணம் இதுதான். மெர்ச்சண்டைசரின் தலை கம்பெனிக்குச் சொந்தம். ராத்திரி பத்து மணிக்கு லேபிள் வரவில்லை என்று போன் வரும், சாயம் ஷேடு மாறிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை போன் வரும். செக்கிங்கில் என் கண்ணும் கையும்தான் கம்பெனிக்கு. மெஷின் இரைச்சலில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், மனசு முழுக்க என்னிடமே இருக்கும். நொய்யல் ஆற்றுக்கு ஞாபகசக்தி வந்து, தன்னில் கலந்த சாயத்தையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிற என் கதை முழுக்க முழுக்க அந்த டேபிளில் யோசித்தது. காலையில் தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால் எழுந்து எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. அந்த இதழ் என் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான்.

இதற்குச் சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள், தெரியும். எனக்கு அப்போது கடன் இல்லை, குழந்தைகள் இல்லை. இருப்பவர்கள் வந்த பதவி உயர்வை உதறுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதவில்லையா என்பார்கள். எழுதினார், அவருடைய வேலையே அவர் கதைகளுக்குத் தீனி போட்டது. என் மெயில்கள் எனக்குப் போடாது. ஏழ்மையைப் புகழ்கிறாள் என்றும் யாராவது சொல்வார்கள். பட்லர் ஏழ்மையை வெறுத்தவர். 1988இல் தன் நோட்டில், என் புத்தகங்கள் அதிகம் விற்கும் பட்டியலில் வரும், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைக் கிளாரியனுக்கு அனுப்புவேன் என்றெல்லாம் தனக்குத் தானே கட்டளை மாதிரி எழுதி வைத்தார். 1995இல், திறமைசாலிகளுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் மெக்ஆர்தர் நிதி 2,95,000 டாலர் கிடைத்தது, அறிவியல் புனைகதை எழுதுபவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. 2006இல் 58 வயதில் இறந்துபோனார். அவருடைய 'பேரபிள் ஆஃப் த சோவர்' நாவல் 2020இல்தான் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது. அவர் பெயரிலான உதவித்தொகையில் இப்போது பிள்ளைகள் கிளாரியனுக்குப் போகிறார்கள். செவ்வாயில் பெர்சிவரன்ஸ் வண்டி இறங்கிய இடத்துக்கும் 2021இல் அவர் பெயரைத்தான் நாசா வைத்தது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 1979இல் வந்த 'கிண்ட்ரெட்'. லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண் திடீர் திடீரென்று அடிமைக் காலத்து மேரிலாண்ட் மாநிலத்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே அவள் காப்பாற்ற வேண்டிய வெள்ளைக்காரப் பையன்தான் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் இவள் பிறக்கவே மாட்டாள். சின்ன வயதில் பட்லருக்கு, அம்மா வேலை செய்யும் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போவதும் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் கோபமாக இருந்ததாம். அந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டவர்களால்தான் தனக்குச் சோறு கிடைத்தது என்று பிறகு புரிந்து, அதிலிருந்து வந்த நாவல் இது. கையில் காசில்லாத நிலையில் நெடுந்தூர பஸ் ஏறி மேரிலாண்டுக்குப் போய் தகவல் சேகரித்தார். அவர் கார் ஓட்டியதே இல்லை, வாழ்நாள் முழுக்க பஸ்தான்.

பஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நானும் பஸ்ஸில்தான் படித்தேன், இப்போது முடிவதில்லை. பக்கத்து சீட்டில் ஒருவர் ரீல்ஸ், பின்சீட்டில் ஒருவர் சீரியல், முன்னால் ஒருவர் ஸ்பீக்கரில் போட்டு மச்சானோடு சொத்துத் தகராறு. ஹெட்போன் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொன்னால், "உங்களுக்கு என்னங்க கஷ்டம்" என்று நம்மையே முறைக்கிறார்கள், கண்டக்டரும் கண்டுகொள்வதில்லை. நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரியவில்லை.

பட்லர் ஒருநாள் பஸ்ஸில் ரத்தம் வரும் அளவுக்கு ஓர் அடிதடியைப் பார்த்தார். மனிதர்கள் எப்போதாவது பேசிப் புரிந்துகொள்ளப் பழகுவார்களா என்ற சோர்வில், நோயால் உலகமே பேச்சையும் எழுத்தையும் இழந்துபோன ஒரு கதை எழுதினார். 'ஸ்பீச் சவுண்ட்ஸ்'. 1984இல், அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ விருது வாங்கியது. அதுவும் பஸ்ஸில் நடக்கும் சண்டையில்தான் தொடங்குகிறது.

உங்கள் வேலை என்ன என்று கேள்வியில் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் அது உங்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடாத வேலை என்றால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், யார் என்ன சொன்னாலும். ஓடுகிற வேலை என்றால், அது தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் விடிகாலைதான் உங்களுக்கு. இன்னொன்று, புத்தகம் போடப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். பட்லரின் அம்மாவும் மகளுக்காக ஒரு மாத வாடகையைவிட அதிகமான பணத்தை அப்படி ஓர் ஏமாற்று முகவரிடம் கொடுத்து இழந்தார்.

படிக்க 'ப்ளட்சைல்ட்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். பஸ் கதை அதில்தான் இருக்கிறது, எழுதுவதைப் பற்றி இரண்டு கட்டுரைகளும் உண்டு. உந்துதல் வரும் என்று காத்திருக்காதே, பழக்கம்தான் நம்பத்தக்கது என்று அவற்றில் ஒன்றில் சொல்கிறார். ஆங்கிலம் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, கதைகள் சின்னவைதான். முதலில் பஸ் கதையைப் படியுங்கள்.