உளுவத்தலையன் பள்ளிக்கு வரலாமா?

கேள்வி: பள்ளி ஆண்டுவிழாவில் தோல்பாவைக்கூத்து வைக்கிறோம். அதில் வரும் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பச்சையாகப் பேசுவார்களே, அந்தப் பகுதியை நீக்கச் சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள் அம்மா! ராமனும் ராவணனும் பேசும்போது நெளியும் பிள்ளைகள், இந்த இருவரும் திரையில் தலைகாட்டியதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் இல்லாத கூத்தைப் பிள்ளைகள் கொட்டாவி விட்டபடிதான் பார்ப்பார்கள்.

நான் பார்த்த ஒரு கூத்தில் உச்சிக்குடும்பன் உளுவத்தலையனின் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தான். முன்வரிசைப் பொடிசுகள் உருண்டு சிரித்தன. அடுத்து வந்த இரட்டை அர்த்த வசனத்தைக் கேட்டு, பின்னால் நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளோ அடுத்த அடி எப்போது விழும் என்றுதான் காத்திருந்தார்கள். இருவேறு நகைச்சுவை, ஒரே திரை. ஒரே ஆளாக அத்தனை குரலிலும் பேசும் கூத்தரின் தேர்ச்சி அது.

அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனும் இந்த இருவகை நகைச்சுவையையும் கையாண்டவர்தான். 1969இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரில் சிறுவர்களுக்கு வந்த அவரது தவளைப் பொம்மை கெர்மிட்டே, 1976இல் பெரியவர்களும் ரசித்த ‘மப்பெட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியது.

ஆனால் ஒரு பெண்ணின் உடலையோ, ஒருவரின் சாதியையோ, ஊனத்தையோ கேலி செய்யும் வசனம் எந்த மேடையிலும் வேண்டாம். அதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. அடி, உதை, சோற்றுப் பேராசை, அதிகாரியை மடக்கும் குறும்பு எல்லாம் தாராளமாக இருக்கட்டும். கூத்தரை முன்கூட்டியே சந்தித்துப் பிள்ளைகளின் வயதைச் சொல்லுங்கள். வசனத்தை ஆளுக்கேற்ப அங்கேயே மாற்றிப் பேசுவது அவருக்குக் கைவந்த கலை.