15,000 ரூபாய்க்குள் காருக்கு நல்ல சத்தம் கிடைக்குமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, சத்தம்தான் தையல் மெஷின் மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கனமான சத்தம் வேண்டும். 15,000 ரூபாய் வரை செலவு செய்யத் தயார். ஒரு கடையில், ‘பின்னால் இருக்கும் சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர் பைப் போட்டுவிடலாம், 3,000 ரூபாய் போதும்’ என்கிறார்கள். இன்னொரு கடையில், ‘ஹெட்டரிலிருந்தே மாற்றினால் பவரும் ஏறும்’ என்கிறார்கள். எதைச் செய்யலாம்?
- ஈரோடு வாசகர்

பதில்: இரண்டுமே வேண்டாம்.

காரின் அடியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். இன்ஜினை ஒட்டி, எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒரே குழாயில் சேர்க்கும் மேனிஃபோல்டு. அதற்குப் பதிலாகப் போடுவதுதான் ஹெட்டர். அடுத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர், கடைக்காரர்கள் ‘கேட்கான்’ என்பார்கள். நடுவில் சின்ன உருளையாக ரெசொனேட்டர். கடைசியில் பெரிய டப்பா. சைலன்சர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் கடைசி டப்பாவைத்தான். சத்தத்தின் மொத்த அளவைக் குறைப்பது அது. ரெசொனேட்டரின் வேலை வேறு: காதைக் கீறும் கரகரப்பை அடக்குவது. கேட்கான் இருப்பது புகையைச் சுத்தப்படுத்த. ஆனால் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகப் புகை போவதால் அங்கேயும் சத்தம் ஓரளவு தணிகிறது.

3,000 ரூபாய் நேர் பைப்பை முதல் வாரம் ரசிப்பீர்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,500 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் நொடிக்கு 83 வெடிப்பு. நீங்கள் 80, 90 வேகத்தில் நிதானமாகப் போகும்போது இன்ஜின் கிட்டத்தட்ட இந்தச் சுற்றில்தான் ஓடும். மூடிய காருக்குள் இந்த அளவு தாழ்ந்த ஒலி எளிதில் அதிரும், காது அடைத்த மாதிரி ஒரு ரீங்காரம் நிற்காமல் வரும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாலும் மறையாது. பின் சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலியே வந்துவிடும். பழைய டப்பாவைத் தேடி இதே கடைக்குத் திரும்பி வருபவர்கள் நிறைய.

ஹெட்டர் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மேனிஃபோல்டை மாற்றினால் சத்தத்தின் தன்மையே மாறும். ஆனால் 1.2 லிட்டர் இன்ஜினில், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டியூனிங் இல்லாமல், ஹெட்டர் மட்டும் தரும் பவர் ஓட்டும்போது தெரியாத அளவுதான். அதோடு இப்போதைய கார்கள் பலவற்றில் கேட்கான் மேனிஃபோல்டோடு சேர்ந்தே வருகிறது, ஹெட்டர் போட்டால் அதுவும் போய்விடும். ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடிக்கும், டேஷ்போர்டில் இன்ஜின் லைட் எரியும், பொல்யூஷன் டெஸ்டிலும் மாட்டுவீர்கள். உங்கள் பட்ஜெட்டுக்கும் அது அடங்காது.

மாற்றுவதென்றால் கடைசி டப்பாவை மட்டும் மாற்றுங்கள். கேட்கானும் ரெசொனேட்டரும் அப்படியே இருக்கட்டும். உள்ளே துளையிட்ட நேர்க்குழாய், சுற்றிலும் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) அடைத்த டப்பா: இந்த வகைதான் கேட்க வேண்டியது. பலரும் தவறவிடும் விஷயம் அளவு. டப்பா நீளமாகவும் பருமனாகவும் இருந்தால் சத்தம் ஆழமாக வரும். கையடக்கமான பளபள டப்பா விலை குறைவுதான், ஆனால் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். குழாயின் விட்டம் ஒரிஜினல் அளவோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ இருக்கலாம். இந்த இன்ஜினுக்கு 2 இஞ்சைத் தாண்ட வேண்டாம். ‘பேக் பிரஷர் இல்லாவிட்டால் இன்ஜின் இழுக்காது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது சரியான விளக்கம் அல்ல, இன்ஜினுக்கு எதிர் அழுத்தம் தேவையே இல்லை. தேவைப்படுவது புகை வேகமாக வெளியேறுவது. பெரிய குழாயில் அந்த வேகம் குறைவதால்தான் தாழ்ந்த சுற்றில் இழுவை தளர்கிறது.

உலோகத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது, ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். ‘எஸ்எஸ் 304’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு கிரேடு) என்று சொல்லி, விலை குறைந்த 202 கிரேடைத் தலையில் கட்டுவார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று நிரூபித்தும் காட்டுவார்கள். 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சாதாரண இரும்பைப் பிடிக்கத்தான் காந்தம் உதவும். அதனால் கிரேடைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். வெல்டிங் ஆர்கானில் செய்யச் சொல்லுங்கள். காரிலேயே வைத்து வெல்டிங் அடிப்பதாக இருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியாக வேண்டும், இல்லையென்றால் இசியூவுக்கு ஆபத்து. முடிந்தவரை குழாயை வெட்டாமல், போல்ட் போட்டு மாட்டும்படி ஃபிளாஞ்ச் வைத்துக்கொள்வது நல்லது. பழையதைத் திரும்ப மாட்ட அரை மணி நேரம் போதும்.

டப்பா எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதையும் பாருங்கள். நம் ஊர் வேகத்தடைகள் ஒரு சென்டிமீட்டரைக்கூட மன்னிப்பதில்லை. கடையில் டெமோ காட்டினால் வெளியே நின்று கேட்காதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். உள்ளூரில் செய்தால் இவ்வளவும் உங்கள் 15,000-க்குள் முடிந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: சைலன்சர் மாற்றினால் போலீஸ் பிடிக்குமா? பைக்குக்குத்தானே அந்தச் சட்டம்?
- திருச்சி வாசகர்

பதில்: எல்லா வண்டிக்கும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவு தனி. முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் செல்லாமல் போகும். மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது, ஆகவே நேர் பைப்புக்குச் சாக்கே கிடையாது.

சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், கம்பெனி கொடுத்ததைவிடச் சத்தமான எந்த டப்பாவுக்கும் இடமில்லை. மிதமான டப்பாவை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை என்பது நடைமுறை. ஆனால் அது உரிமை ஆகாது. இன்ஷூரன்ஸிலும் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் தலையெடுக்கும். கடைக்காரர் ‘பொல்யூஷன் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன், கவலை வேண்டாம்’ என்றால், அந்த டெஸ்ட் புகையை மட்டும்தான் அளக்கிறது, சத்தத்தை அல்ல என்று அவருக்கே தெரியும்.

முழுச் சத்தத்தோடு ஓட்ட ஆசை என்றால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயிலோ டிராக் டே நடக்கும் நாளில் பணம் கட்டி ஓட்டலாம். சைலன்சரைச் சுலபமாக மாற்றி மாட்ட முதல் பதிலில் ஃபிளாஞ்ச் போல்ட் போடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எக்ஸாஸ்டைத் தொடாமல் சத்தத்தைக் கூட்ட முடியுமா?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: முடியும். பட்ஜெட் குறைவானவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். இன்ஜின் காற்றை உறிஞ்சும் சத்தமும் இன்ஜின் சத்தத்தில் ஒரு பகுதி. ஒரிஜினல் ஏர் பாக்ஸுக்குள்ளேயே வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் போட்டால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மெல்லிய உறுமல் உள்ளே கேட்கும். வெளியே யாருக்கும் தொந்தரவு இல்லை. கே அண்ட் என், பிஎம்சி போன்ற பிராண்டுகளில் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். துவைத்தபின் ஃபில்டரில் தடவும் எண்ணெயை மட்டும் அளவாகப் போடுங்கள், அதிகமானால் காற்றோட்ட சென்சார் பாழாகும்.

பாக்ஸையே எடுத்துவிட்டுத் திறந்தபடி மாட்டும் கூம்பு ஃபில்டர் வேண்டாம். சத்தம் அருமையாக இருக்கும், உண்மைதான். ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சி, வெயில் காலத்தில் பவரைக் குறைக்கும். ஃபில்டர் தாழ்வாக இருந்தால் மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரையே இழுத்துவிடும். 2015-லும் 2023-லும் சென்னையில் தண்ணீர் புகுந்து எத்தனை இன்ஜின் போனது என்று சர்வீஸ் சென்டர்களில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: சைலன்சர் நுனியில் மாட்டும் குரோம் டிப் சத்தத்தை மாற்றாது. அழகுக்கு வாங்குவதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டர்போ பெட்ரோல், மூன்று சிலிண்டர் கார் வைத்திருக்கிறேன். நண்பனின் பழைய நான்கு சிலிண்டர் ஹோண்டா சிட்டி மாதிரி சத்தம் வருமா? டீசலுக்கு?
- கோவை வாசகர்

பதில்: வராது. மூன்று சிலிண்டரின் வெடிப்பு இடைவெளியே வேறு, நான்கு சிலிண்டரின் சீரான இழுப்பு அதில் இல்லை. போதாததற்கு டர்போவும் சத்தத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். டப்பா மாற்றினால் சத்தம் கூடும், அழகு கூடும் என்று சொல்ல முடியாது. டீசலில் காசைக் கொட்டாதீர்கள், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கும் பிஎஸ்6 டீசலைத் தொடவே தொடாதீர்கள். அடுத்த கார் வாங்கும்போது சத்தம் முக்கியம் என்றால், ஹூண்டாய் ஐ20 என் லைன் போல எக்ஸாஸ்டைக் கம்பெனியே ட்யூன் செய்து விற்கும் மாடலை ஓட்டிப் பாருங்கள். சத்தம் கொஞ்சம்தான், ஆனால் சட்டச் சிக்கல் இல்லை.

கேள்வி: சைலன்சர் மாற்றக் கொடுத்தேன். திரும்ப வாங்கியபோது கேட்கானையும் கழற்றியிருக்கிறார்கள். பழையதைக் கேட்டால் ‘ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம்’ என்கிறார்கள். ‘நல்ல சத்தத்துக்காகத்தான் எடுத்தோம்’ என்று வேறு சொல்கிறார்கள்.
- சென்னை வாசகர்

பதில்: சத்தத்துக்காக இருக்காது. கேட்கானுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. ஸ்கிராப்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எடுத்தது சேவைக் குறைபாடு என்பதோடு நிற்காது, உங்கள் சொத்தை விற்ற செயல். வேலை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய ரசீது, வண்டியின் அடிப்பகுதிப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். கேட்கானை எடுத்துப்போய் விற்றதற்குக் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

புதுப்பேட்டையில் பழைய கேட்கான் கிடைக்கும் என்று சொல்வார்கள். உங்கள் மாடலுடையதா, உள்ளே இருக்கும் செராமிக் உடையாமல் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்து வாங்குங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் வேண்டாம்.

கேள்வி: புது சைலன்சர் போட்டு எட்டு மாதம் ஆகிறது. முதலில் அளவாக இருந்த சத்தம் இப்போது தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஏறிவிட்டது. ஏன்?
- மதுரை வாசகர்

பதில்: உள்ளே அடைத்த கிளாஸ் வூல் கருகிக் காற்றோடு போயிருக்கும். டப்பாவைத் திறந்து புதிதாக அடைக்கலாம். வெல்டிங் செய்து மூடிய டப்பாவாக இருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். ரிவெட் அடித்து மூடிய, திறக்கக்கூடிய வகையை வாங்குபவர்களுக்கு இந்தச் செலவு மிச்சம். அடைப்பதற்கு முன் கேஸ்கட்டில் கசிவு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும்.