அம்மாதான் எழுவாய்

தமிழம்மா பதில்கள்

கேள்வி: மாணவர்களின் வேடிக்கையான விடைகளைத் திருத்தும்போது சிரிப்பீர்களா, மார்க் போடுவீர்களா? (வாசகி, மன்னார்குடி)

சிரித்துவிட்டுத்தான் போடுவேன். 31 ஆண்டு அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். சிரிக்காமல் இருந்திருந்தால் சிவப்பு மைப் பேனாவை எப்போதோ கிணற்றில் எறிந்திருப்பேன்.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் 'அம்மா சோறு சமைத்தாள் - எழுவாயைக் கண்டறிந்து காரணம் கூறுக' என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் எழுதினான்: 'அம்மா. ஏனென்றால் வீட்டில் முதலில் எழுவது அம்மாதான்.' விடை சரி. காரணம் இலக்கணத்தில் இல்லை, அவன் வீட்டில் இருந்தது. இரண்டுக்கு ஒன்று போட்டேன்.

இரட்டைக்கிளவிக்கு இன்னொருவன் 'இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது' என்று அட்சரம் பிசகாமல் எழுதிவிட்டு, எடுத்துக்காட்டாக எங்கள் வகுப்பு இரட்டையர்களைக் காட்டியிருந்தான். 'தனித்தனி பெஞ்சில் உட்கார வைத்தால் ஒன்றுக்கும் உதவ மாட்டார்கள்.' அவர்களைப் பேசுகிறார்கள் என்று பிரித்து உட்கார வைத்தது நான்தான், முந்தின வாரம். வரையறைக்கு ஒரு மதிப்பெண். குட்டு எனக்கு.

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு விடைக்குறிப்பில் 'வாடா மலர்' என்று வைத்திருந்தோம். மளிகைக்கடை வீட்டுப் பையன் 'வாராக் கடன்' என்று எழுதினான். சிரிப்பு வந்தது, ஆனால் முழுக்க முழுக்கச் சரி. 'வாராத'வின் ஈறு கெட்டு 'வாரா' ஆகியிருக்கிறது, எதிர்மறை, பெயரெச்சம், வேறென்ன வேண்டும்? பக்கத்து மேசை ஆசிரியர் "புத்தகத்தில் இல்லையே டீச்சர்" என்றார். "அவங்க கடை நோட்டுல இருக்கு சார்" என்றேன். முழு மதிப்பெண்.

என்னைத் தோற்கடித்தது ஒரு குறள்தான். 'அடி மாறாமல் எழுதுக' என்றதற்கு ஒருத்தி எழுதியது:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நன்னயஞ் செய்து விடல்.

391ஆம் குறளின் தலை, 314ஆம் குறளின் வால். 'நிற்க அதற்குத் தக' இருக்க வேண்டிய இடம். அசை பிரித்து அலகிட்டுப் பார்த்தேன், சீருக்குச் சீர் சேரும் தளைகூடத் தட்டவில்லை. எதுகைதான் போயிற்று. பொருளும் பழுதில்லை: படித்த பிறகு நாலு பேருக்கு நல்லது செய். ஆனால் கேள்வி கேட்டது மனப்பாடம். முதல் அடிக்கு மட்டும் ஒன்று போட்டேன். வள்ளுவர் திருத்தியிருந்தால் கூட்டிப் போட்டிருப்பாரோ என்னவோ.

கேள்வி: பொதுத்தேர்வில் பக்கத்தை நிரப்பினால் மார்க் உண்டாமே? நடுவில் சினிமாக் கதை எழுதினாலும் தெரியாதாமே? (மாணவர், தேனி)

தெரியும் தம்பி. முகாமில் காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள் திருத்துகிற கண்ணுக்கு, கட்டுரைக்குள் திடீரென்று வில்லன் நுழைந்தால் தூக்கம் கலைந்துவிடும். 'என்னை பாஸ் போடுங்கள், அக்கா கல்யாணம் இருக்கிறது' என்ற வேண்டுகோளும் வேண்டாம். அது ஒழுங்கீனக் கணக்கில் சேரும், திருத்துபவர் மேலே சொல்லியே ஆக வேண்டும். எழுதியது எல்லாவற்றையும் கோபத்தில் கோடு போட்டு அடித்துவிட்டு வருவதும் அப்படித்தான். அதற்கு அடுத்த இரண்டு பருவமும் தேர்வு எழுதத் தடை உண்டு. தெரிந்ததை எழுது. 35 ஒன்றும் மலை இல்லை.

கேள்வி: பாரோமீட்டரை (காற்றழுத்தம் அளக்கும் கருவி) கயிற்றில் கட்டி மாடியிலிருந்து இறக்கிக் கட்டடத்தின் உயரத்தை அளக்கலாம் என்று தேர்வில் எழுதியவர் நீல்ஸ் போர் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (வாசகர், ஈரோடு)

போர் 1922இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய டென்மார்க்காரர். பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் அலெக்சாண்டர் கலந்திரா எழுதிய கதை இது. 1968இல் ஒரு பத்திரிகையில் வந்து பரவியது. அதில் மாணவனுக்குப் பெயரே கிடையாது. பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கயிறு அல்ல, பஞ்சாயத்து. ஆசிரியர் பூஜ்யம் என்கிறார், பையன் முழு மதிப்பெண் என்கிறான், நடுவராகக் கலந்திரா வருகிறார். இயற்பியல் தெரிகிற மாதிரி எழுது என்று ஆறு நிமிடம் தருகிறார். பையன் பாரோமீட்டரை மாடியிலிருந்து கீழே போட்டு, விழும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறான். ஏறக்குறைய முழு மதிப்பெண் கிடைக்கிறது. நிழலை அளப்பது, கட்டட மேற்பார்வையாளரிடம் பாரோமீட்டரைப் பரிசாகக் கொடுத்து உயரத்தைக் கேட்பது என்று இன்னும் நாலைந்து வழி வைத்திருந்தானாம். 'காற்றழுத்த வேறுபாட்டைக் கொண்டு' என்று கேள்வியில் மூன்று வார்த்தை சேர்த்திருந்தால் இத்தனை வம்பு இல்லை. வினாத்தாள் எடுக்கும்போது நானும் பலமுறை இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 'தண்ணீரைச் சேமிக்க நீ என்ன செய்வாய்?' என்பதற்கு ஏழாவது படிக்கும் என் மகன் 'குளிக்க மாட்டேன்' என்று எழுதினான். டீச்சர் பூஜ்யம் போட்டு, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டிவிட்டார். போய்க் கேட்கட்டுமா? (ஒரு தாய், விருத்தாசலம்)

'நீ என்ன செய்வாய்' என்று கேட்டால் அவன் தன்னைத்தானே சொல்வான்? தண்ணீர் மிச்சமாகும் என்பதும் நிஜம். நானாக இருந்தால் இரண்டுக்கு ஒன்று போட்டு, ஓரத்தில் 'வாளியில் குளி' என்று எழுதியிருப்பேன். மார்க்குக்காகப் போகாதீர்கள். உரக்கப் படித்ததற்காகப் போங்கள், தனியாக, பொறுமையாக.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்த விதம் வேறு. 'அனலில் இட்ட மெழுகு போல' என்ற உவமையை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். ஒரு பெண் எழுதினாள்: 'அனலில் இட்ட மெழுகு போல அப்பாவின் சம்பளம் பத்தாம் தேதிக்குள் உருகிவிடும்.' பூரித்துப்போய் முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பூரிப்பிலேயே வகுப்பில் பெயரோடு படித்தும் விட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை.

அரையாண்டுத் தேர்விலிருந்து நோட்ஸில் இருந்த வாக்கியத்தையே எழுதினாள். அதற்கும் முழு மதிப்பெண்தான் போட வேண்டியிருந்தது.