அறிவியல் கேள்வி-பதில்: நிழலை அளந்தால் பூமி இரண்டு மடங்காகிறதே, ஏன்?

கேள்வி: மார்ச் 21 அன்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சென்னையிலும், இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் கன்னியாகுமரியிலும் சரியாக 12 மணிக்கு 1 மீட்டர் குச்சியின் நிழலை அளந்தார்கள். இங்கே 24.3 செ.மீ., அங்கே 18.6 செ.மீ. இடைத்தூரம் 700 கி.மீ. என்று போட்டால் பூமியின் சுற்றளவு சுமார் 80,000 கி.மீ. வருகிறது. எங்கே தவறு?
- அறிவியல் ஆசிரியை, சென்னை

பதில்: பிள்ளைகள் நன்றாகவே அளந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு நிழல் அவ்வளவுதான் இருக்கும். காலை வாரியவை நேரமும் தூரமும்.

700 கி.மீ. என்பது சாலை வழித் தூரம். நமக்கு வேண்டியது இரண்டு ஊர்களின் அட்சக்கோடுகளுக்கு இடையே நேர் வடக்கு-தெற்காக உள்ள தூரம் மட்டும். வரைபட அளவுகோலை வைத்து எடுத்தால் சுமார் 555 கி.மீ. வரும். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கி எடுத்துவிடாதீர்கள். பூமியின் சுற்றளவிலிருந்து வந்த எண் அது. கண்டுபிடிக்க வேண்டியதையே கணக்கில் போட்டதாகிவிடும்.

தூரத்தைத் திருத்தினாலும் விடை 64,000தான். மீதிப் பிழை நேரத்தில். அளக்க வேண்டியது உச்சிவேளையில், அதாவது சூரியன் வானில் மிக உயரே நின்று நிழல் மிகக் குறுகும் நேரத்தில்; அது சரியாக 12 மணிக்கு வருவதில்லை. நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டின்படி ஓடுகிறது. அதற்கு மேற்கே போகப் போக டிகிரிக்கு 4 நிமிடம் தாமதமாக உச்சிவேளை வரும். மார்ச் 21ஐ ஒட்டி சூரியன் கடிகாரத்துக்கு இன்னும் 7 நிமிடம் பிந்தும்; பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் அதற்குக் காரணம். ஆக, அன்று உச்சிவேளை சென்னையில் 12.16, கன்னியாகுமரியில் 12.27. அப்போது நிழல்கள் 23.2, 14.2 செ.மீ. இருந்திருக்கும். நிழலைக் குச்சியின் உயரத்தால் வகுத்து டேன்ஜென்ட் அட்டவணையில் பார்த்தால் 13.1, 8.1 டிகிரி. வித்தியாசம் 5 டிகிரி. 5 டிகிரிக்கு 555 கி.மீ. என்றால் முழு வட்டமான 360 டிகிரிக்கு 555 × 360 ÷ 5 = 39,960 கி.மீ.

உச்சிவேளையில் நிழல் மிக மெதுவாக மாறுவதால் 'மிகக் குறுகிய நிழல்' எது என்று பார்த்துச் சொல்வது கடினம். குச்சியின் அடியை மையமாக வைத்து 35 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். நிழல் நுனி காலையில் வட்டத்தைத் தொடும் நேரத்தையும் பிற்பகலில் மறுபடி தொடும் நேரத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுங்கள். அதுதான் உச்சிவேளை. தொட்ட இரு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு-மேற்குக் கோடும் கிடைக்கும். கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு எனப்படும் நிழல் பார்க்கும் குச்சியை நட்டுத் திசை பார்ப்பதும் இப்படித்தான்.

குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்துங்கள், தரைக்கு ரசமட்டம் வையுங்கள். குச்சி 1 டிகிரி சாய்ந்தாலே நிழல் கிட்டத்தட்ட 2 செ.மீ. தவறும். ஒரு ஊரில் 1 செ.மீ. பிசகினாலும் சுற்றளவு சுமார் 4,000 கி.மீ. மாறிவிடும். சூரியன் அரை டிகிரி அகலமுள்ள வட்டு என்பதால் 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனி 1 செ.மீ. அளவுக்கு மங்கித் தெரியும். மங்கலின் நடுவில் குறியிடுங்கள். இரண்டு பள்ளிகளும் ஒரே மாதிரி குறிப்பது முக்கியம்.

கேள்வி: நிழலில்லா நாளில் இதைச் செய்யலாமா?
- பத்தாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

பதில்: தாராளமாக. ஏப்ரல் 24ஐ ஒட்டி சென்னையில் உச்சிவேளை நிழல் மறையும். அன்று கன்னியாகுமரியில் 1 மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 9 செ.மீ. நிழல் தெற்கே விழும். அந்த ஒரு கோணமே போதும். ஆனால் ஏப்ரல் 10க்குப் பிறகு 24 வரை சூரியன் இரண்டு ஊர்களுக்கும் இடையே நிற்கும். சென்னை நிழல் வடக்கிலும் குமரி நிழல் தெற்கிலும் விழுவதால், அந்த நாட்களில் கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.