மேனுவல் கியர் மசில் காருக்கு சூப்பர்சார்ஜர்: கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

கேள்வி: என்னிடம் 2015ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இருக்கிறது. 5 லிட்டர் வி8 என்ஜின், ஆறு கியர் மேனுவல். என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றை, 7 அல்லது 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் தருவதாக, வாங்க எண்ணியுள்ளேன். தேவையான எல்லாமே பெட்டிக்குள் இருப்பதாக விற்பவர் சொல்கிறார். நண்பர்களோ முதலில் கிளட்சை மாற்று என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கிட்டில் வருபவை பெரும்பாலும் காற்று, எரிபொருள் ஆகிய இரண்டைச் சார்ந்தவை. என்ஜினுக்குப் பின்னால் சக்கரம் வரை உள்ள எதுவும் அதில் வராது என்பதால் உங்கள் நண்பர்கள் கிளட்சை நினைவூட்டியது சரிதான். ஆனால் வரிசை என்று பார்த்தால் என்ஜினின் பாதுகாப்பே முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வழுக்கும் கிளட்ச் தன்னை உடனே காட்டிக் கொடுத்துவிடும். எரிபொருள் பற்றாமல் ஓடும் என்ஜின் பிஸ்டன் உடையும் வரை ஒன்றும் சொல்லாமல் ஓடும்.

எதையும் வாங்குவதற்கு முன் எட்டு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சோதனையும் அழுத்தக் கசிவுச் சோதனையும் செய்து, எண்களை எழுதி வையுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் அந்த என்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் வேண்டாம்.

அடுத்தது வெப்பம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதோடு 8 பிஎஸ்ஐ சேர்த்தால் அழுத்தம் ஏறத்தாழ 1.54 மடங்காகிறது. அப்படி அழுத்தப்படும் காற்று சூடாகும் என்பது தவிர்க்க முடியாத இயற்பியல். உள்ளே வரும் காற்று 25 டிகிரி செல்சியஸ் என்றும், சூப்பர்சார்ஜரின் திறன் 65 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், வெளியேறும் காற்று சுமார் 85 டிகிரியை எட்டும். உங்கள் என்ஜினின் அழுத்த விகிதமே (கம்ப்ரஷன் ரேஷியோ) 11:1 என்று உயர்ந்திருக்க, இந்தச் சூட்டோடு காற்றை உள்ளே அனுப்பினால் நாக்கிங் (கலவை பொறிக்குக் கட்டுப்படாமல் தானே வெடிப்பது) வருவது உறுதி. ஆகையால் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத கிட்டை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். நீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்றால் முன்னால் உள்ள ரேடியேட்டரின் அளவையும், நீரைச் சுற்றவிடும் பம்பின் திறனையும் கேட்டறியுங்கள். தொடர்ந்து சில முறை முழு வேகம் எடுத்ததும் அந்த நீர் சூடாகிப் பலன் குறைந்துவிடும் நிலை பல வண்டிகளில் உண்டு.

எரிபொருளுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொழிற்சாலையிலிருந்து 435 குதிரைத்திறனோடு வந்த உங்கள் என்ஜின் இந்த அழுத்தத்தில் 600க்கு அருகே போகும். சூப்பர்சார்ஜர் பொருத்திய பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு எரிபொருள் கேட்கும் என்பது பட்டறைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அப்படியானால் மணிக்கு மொத்தம் 360 பவுண்டு, எரிபொருளைத் தெளிக்கும் எட்டு இன்ஜெக்டர்களில் ஒன்றுக்கு 45 பவுண்டு. இன்ஜெக்டரை அதன் எல்லையில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதால் மணிக்கு 56 பவுண்டுக்குக் குறையாத இன்ஜெக்டர் தேவை. அதற்கு ஈடாக பம்பும் எரிபொருள் தர வேண்டும்: ஒன்று பம்புக்குப் போகும் மின்னழுத்தத்தைத் தேவையான நேரத்தில் கூட்டும் கருவியைப் பொருத்த வேண்டும், அல்லது பம்பையே பெரிதாக மாற்ற வேண்டும். எத்தனால் பெருமளவு கலந்த இ85 எரிபொருளுக்குப் பிற்பாடு மாறும் எண்ணம் இருந்தால், அது பெட்ரோலைவிட 30 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் அளவு கேட்கும் என்பதால் இப்போதே பெரியதாக வாங்கிவிடுவது இரட்டைச் செலவைத் தவிர்க்கும்.

ஸ்பார்க் பிளக்குகளை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை குறைக்க வேண்டும். அழுத்தம் கூடிய கலவையில் அகன்ற இடைவெளியைத் தாண்ட முடியாமல் பொறி அணைந்துபோகும். பிளக்கைப் பிறகு கழற்றும்போது வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

என்ஜினின் மென்பொருளைத் திருத்தி எழுதும் ட்யூனிங் செய்பவரிடம் வண்டி மேனுவல் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் கியர்பாக்ஸ் தானே கீழ் கியருக்கு இறங்கிவிடும். மேனுவலில் ஓட்டுநர் ஆறாவது கியரில் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் முழுதும் மிதித்தாலும் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் சேரும் அந்த நிலையில்தான் பிஸ்டனின் ரிங் பகுதிக்குப் பேராபத்து. அந்தப் பகுதியில் பொறி விழும் நேரத்தைப் போதுமான அளவு தாமதப்படுத்தி எழுத வேண்டும். ஓட்டுபவரும் கீழ் கியருக்கு வந்த பிறகே மிதிக்கப் பழக வேண்டும்.

கேள்வி: கிளட்சுக்கு எவ்வளவு தாங்குதிறன் வேண்டும்? ‘ஸ்டேஜ் 3’ கிளட்ச் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ‘ஸ்டேஜ்’ என்ற எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒரு தயாரிப்பாளரின் 3 இன்னொருவரின் 2ஆக இருக்கலாம். கேட்க வேண்டியது முறுக்குவிசைத் தாங்குதிறன் மட்டுமே. குதிரைத்திறனைச் சொல்லி கிளட்ச் வாங்குவதும் தவறு, ஏனென்றால் குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையைச் சுற்று வேகத்தால் பெருக்கி 5,252ஆல் வகுத்து வருவது. 7,000 சுற்றில் கிடைக்கும் 600 குதிரைத்திறனுக்குப் பின்னால் 450 பவுண்டு-அடி முறுக்குவிசைதான் இருக்கிறது; அதே 600ஐ 5,500 சுற்றில் தரும் என்ஜினோ 573 பவுண்டு-அடியைக் கிளட்சின் மேல் சுமத்துகிறது. நீங்கள் எதிர்பார்க்கும் உச்ச முறுக்குவிசையைவிட 20 முதல் 30 சதவீதம் கூடுதலாகத் தாங்கும் கிளட்சைத் தேர்ந்தெடுங்கள்.

கிளட்சின் பிடிப்பு நான்கு காரணிகளால் வருகிறது: அழுத்தும் விசை, உராய்வுக் குணகம், தட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. ஆரம், என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் அளவோடு நின்றுவிடும். அழுத்தும் விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும். அதோடு பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்கின் மேல் விழும். உராய்வைக் கூட்ட செராமிக்-உலோகத் தட்டு போட்டால், நகர நெரிசலில் வண்டி ஒவ்வொரு முறையும் அதிர்ந்து குலுங்கித்தான் கிளம்பும். மிஞ்சுவது பரப்புகளைக் கூட்டுவது. ஒற்றைத் தட்டில் இரண்டு பரப்புகள் என்றால் இரட்டைத் தட்டில் நான்கு. அதே பிடிப்புக்குப் பாதி அழுத்தம் போதும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு ஆர்கானிக் தட்டுகள் கொண்ட இரட்டைத் தட்டு கிளட்சையே நான் பரிந்துரைப்பேன். விலை கூடுதல்தான், ஆனால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் வேலையை இரண்டாம் முறை செய்ய நேராது.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையும், பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் உறை) இருந்து கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் உயர் சுற்றில் வெடித்தால் காலடித் தளத்தையே பிளந்துகொண்டு வரும்; ஆகவே எஸ்எஃப்ஐ (பந்தயப் பாகங்களின் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமைப்பு) சான்று பெற்ற எஃகு அல்லது அலுமினிய ஃப்ளைவீல் அவசியம். கிளட்சின் ரப்பர் ஆயில் குழாய்க்குப் பதிலாக எஃகு வலை போர்த்திய குழாய் போட்டு, டாட் 4 பிரேக் ஆயிலை நிரப்புங்கள். இந்த மஸ்டாங்கில் கிளட்சும் பிரேக்கும் ஒரே ஆயில் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்வதால் காற்று நீக்குவதில் அலட்சியம் கூடாது. பெடலுக்குத் துணையாக வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங், பழைய பிரஷர் பிளேட்டின் விசைக்கு ஏற்றது. கிளட்ச் மாற்றிய பிறகு பெடல் பாதியில் தங்கினால் முதலில் அதைப் பாருங்கள்.

புதிய கிளட்சை முதல் 800 கிலோமீட்டர் வரை நகரத்தில், அடிக்கடி கியர் மாற்றி, மென்மையாக ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய தூரம் இதில் சேராது.

இப்போதுள்ள கிளட்சின் நிலையை அறிய, என்ஜின் சூடான பின் ஆளில்லாத நேர்ச்சாலையில் ஐந்தாவது கியரில் 2,000 சுற்றில் போய்க்கொண்டே முழுதும் மிதியுங்கள். வேகமுள் மெதுவாக நகர, சுற்றுமுள் மட்டும் 3,500 வரை தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனையைச் சாதாரண என்ஜினோடேயே, சூப்பர்சார்ஜர் பொருத்துவதற்கு முன் செய்யுங்கள்.

கேள்வி: நல்ல கிளட்ச் போட்டாகிவிட்டது. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் தாங்குமா?

பதில்: வழுக்கும் பழைய கிளட்ச் வீட்டு மின்சுற்றின் ஃப்யூஸ் போல வேலை செய்துகொண்டிருந்தது, அதை எடுத்துவிட்டு வழுக்காத ஒன்றைப் போட்டதும், அதிர்ச்சி முழுவதும் கியர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று பின்னால் போகிறது. ஓடும் வண்டியில் படிப்படியாக ஏறும் 550 பவுண்டு-அடியைவிட, 5,000 சுற்றில் வைத்துக்கொண்டு கிளட்சைப் பட்டென்று விடும்போது, சுழலும் ஃப்ளைவீலும் என்ஜினும் சேர்ந்து தரும் அடிதான் பற்களை உடைக்கிறது. அதுவும் ஒட்டும் பந்தய டயர் போட்டிருந்தால் டயர் சுழன்று அடியை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும்.

சாலையில் மட்டும் ஓட்டுபவர், வண்டியோடு வந்த எம்டி82 கியர்பாக்ஸோடே தொடரலாம். ஆனால் அதன் கியர் லீவரைத் தாங்கும் இணைப்பின் ரப்பர் புஷ்களைக் கட்டாயம் கெட்டியானதாக மாற்றுங்கள். காரணம் இதுதான்: மூன்றாவது கியரில் 6,500 சுற்றில் இருந்து நான்காவதற்குத் தள்ளும்போது லீவர் தவறி இரண்டாவதில் விழுந்தால், விகிதங்கள் 1.69, 2.43 என்பதால் என்ஜின் 9,300 சுற்றைத் தாண்டும். சுற்று வரம்பு மென்பொருளால் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அப்போது என்ஜினைச் சுற்றுவது சக்கரங்கள். பெல்ட்டால் இணைந்த சூப்பர்சார்ஜரும் அதே விகிதத்தில் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும். அடிக்கடி பந்தயத் தடத்துக்குப் போகிறவர் ட்ரெமெக் மேக்னம் போன்ற கனமான கியர்பாக்ஸுக்குப் பணம் ஒதுக்கி வைப்பது நல்லது.

நடுவில் மூட்டு உள்ள இரண்டு துண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் பதில் ஒற்றைத் துண்டு அலுமினிய ஷாஃப்டும், அறுந்தால் தரையில் குத்தாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு வளையமும் போடலாம். 2015 முதல் பின்புறத்தில் தனித்தனி சஸ்பென்ஷன் வந்ததால், கிளம்பும்போது சக்கரம் துள்ளும் பிரச்சினையையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு துள்ளலும் ஆக்ஸிலுக்குச் சுத்தியல் அடி. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமின் புஷ்களைக் கெட்டியாக்கிய பிறகே கனமான ஆக்ஸிலைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: மேனுவல் வண்டிக்கு ரூட்ஸ் வகை நல்லதா, சென்ட்ரிஃப்யூகல் வகை நல்லதா?

பதில்: இரண்டு சுழலிகளால் காற்றைத் தள்ளும் ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் குறைந்த சுற்றிலேயே அழுத்தம் தருவதால் கிளட்ச், கியர்பாக்ஸ் இரண்டின் மேலும் சுமை சீக்கிரம் ஏறும். வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தால் காற்றை வீசும் சென்ட்ரிஃப்யூகல் வகையில் அழுத்தம் சுற்றோடு சேர்ந்து உயர்ந்து உச்சத்தில்தான் முழுமையாகும். ஓட்டுவதற்கு முதலாவது எனக்கு அதிகம் பிடிக்கும். மற்ற பாகங்கள் நீடிக்க வேண்டும் என்பவருக்கு இரண்டாவதையே சொல்வேன். சென்ட்ரிஃப்யூகல் வைத்தால், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் த்ராட்டில் மூடி, காற்று திரும்பி அடிக்கும் என்பதால் அதை வெளியே திருப்பிவிடும் பைபாஸ் வால்வு போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். வேகமான கியர் மாற்றத்தில் சுற்று சட்டென்று விழுவதால் பெல்ட் வழுக்குவதும் உண்டு. புல்லியைச் சுற்றிக் கரும் ரப்பர் தூள் படிந்திருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள்.

கேள்வி: என் 5 லிட்டர் கயோட்டி என்ஜினில் ஆயில் பம்ப் கியரை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்களே?

பதில்: ஆம். தொழிற்சாலைக் கியர்கள் உலோகப் பொடியை அழுத்திச் செய்தவை. கூடுதல் சுமையிலும், சுற்று வரம்பில் திரும்பத் திரும்ப மோதும்போதும் விரிசல் விடக்கூடியவை. கிளட்ச் மிதித்த நொடியில் ஆக்சிலரேட்டரை விடத் தவறினால் மேனுவல் வண்டி அந்த வரம்பைத் தொட்டுவிடும். கியர் உடைந்தால் ஆயில் அழுத்தம் உடனே போய்விடும், பிறகு என்ஜின் மிஞ்சாது. எஃகுக் கட்டியிலிருந்து கடைந்த கியரையும் கிராங்க் டைமிங் ஸ்ப்ராக்கெட்டையும் கிட் பொருத்தும் அதே வேளையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பின் ஆக்ஸில் விகிதம் 3.73. மாற்ற வேண்டுமா?

பதில்: முதல் கியர் 3.66 என்பதால் மொத்த விகிதம் 13.65 ஆகிறது. சூப்பர்சார்ஜரோடு முதல் கியர் டயரைச் சுழற்றுவதற்கு மட்டுமே பயன்படும். 3.31 போட்டால் 12.1 ஆகும், கியர்கள் நீளும், பிடிப்பும் கிடைக்கும். இதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். டிஃபரன்ஷியலை வேறு காரணத்துக்காகத் திறக்கும்போது செய்துகொள்ளலாம். அந்தப் பணத்தை இப்போது நல்ல பிரேக் பேடுகளுக்கும், காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டருக்கும் கொடுங்கள். முழு அழுத்தத்தில் அந்த மீட்டர் 11.5க்கு (ஒரு பங்கு எரிபொருளுக்கு 11.5 பங்கு காற்று) அருகே நிற்க வேண்டும், 12.5ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள்.