மைக்கா எப்படி உயிரோடு வந்தான்?

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ பேய்ப்படத்தின் முதல் பாகத்தில் செத்த மைக்கா இரண்டாம் பாகத்தில் உயிரோடு வருகிறானே, பிழையா என்று கேட்கிறீர்கள். பிழை இல்லை. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி 2’ (2010) பெரும்பாலும் முதல் கதைக்கு முன்னால் நடப்பது. கடைசிப் பகுதி மட்டும்தான் அதற்குப் பிறகு.

முதல் படத்தின் முடிவோடு இது ஒட்டவில்லை என்றும் சொல்கிறீர்கள். முதல் படத்தின் வேறு முடிவைப் பார்த்திருப்பீர்கள். மைக்காவின் காதலி கேட்டியைப் போலீஸ் சுடும் முடிவும் உண்டு. தியேட்டரில் வந்ததில் அவள் மைக்காவைக் கேமரா மீது தூக்கி எறிவாள். இரண்டாவது படம் அதைத்தான் தொடர்கிறது. கடைசிக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் சுமார் 15,000 டாலரில் எடுத்த முதல் படத்தின் பயத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். வீடு முழுக்கக் கண்காணிப்பு கேமரா வைத்ததில் முதல் படத்தில் இருந்த அந்தப் படுக்கையறையின் நெருக்கம் போய்விட்டது. பட்டப்பகலில் சமையலறை அலமாரிகள் எல்லாம் ஒரே நொடியில் படாரென்று திறக்கும் இடம் மட்டும், அப்பா! நான் துள்ளியே விட்டேன்.